தண்டைத் தின்னாத மாடுகள்: தீவனப்பயிர் ஆராய்ச்சியாளர்களுக்கும் ரக வெளியீட்டுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையிலும், ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்திலும், ஐதராபாத் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணிபுரியும் விஞ்ஞானிகளுக்கு இதை எழுதுகிறேன். ஒரு புது ரகத்தை வெளியிடலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் கறவை மாடு வளர்ப்பவன். வேளாண்மை படித்தேன், ஆனால் உத்தியோகத்துக்குப் போகவில்லை. படித்தது மறந்துபோகாமல் இருக்க உங்கள் துறைக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2025 மே 4 அன்று, மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. ஒன்று கமலா, மற்றொன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. அதற்கு மூன்று வருடம் முன்பே, 2022 மார்ச் 30 அன்று, வெளி மரபணு எதுவும் தங்காத திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்று உயிரிகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பகுதிகளிலிருந்து விலக்கும் கொடுத்தாகிவிட்டது. நெல்லுக்கு வந்த நுட்பம் புல்லுக்கும் பொசியத்தான் போகிறது. அப்படி வரும்போது முதலில் கைவைக்கத் தோன்றுவது, தண்டை முற்றி விறைக்கவைக்கும் லிக்னின் என்ற பொருளில்தான் என்பது இந்தத் துறையை எட்ட நின்று பார்ப்பவனுக்கே தெரிகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அதை எதிர்த்து நான் எழுதவில்லை. வரட்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு தீவன ரகத்தை எந்த அளவுகோலில் எடை போடுகிறீர்களோ அதை அப்படியே வைத்துக்கொண்டு மரபணுவை மட்டும் மாற்றினால், எங்கள் கட்டுத்தரைக்கு ஒன்றும் வந்து சேராது.

முதலில் கட்டுத்தரையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2008-இல் கோவை கொடுத்த கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இல்லாத பால் பண்ணையை இன்று மேற்குத் தமிழ்நாட்டில் பார்ப்பது கடினம். ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு ஏறத்தாழ 400 டன் பசும்புல் தரும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். தண்ணீரும் எருவும் இருந்தால் பெரிய பொய்யில்லை. 45 நாளுக்கு ஒரு அறுப்பு. அந்த 45-ஆவது நாளில் அறுத்தால் மாடு தொட்டியை நக்கி வைக்கும். அறுக்க ஆள் கிடைக்காமல், அல்லது நடுவில் ஒரு கல்யாணம், ஒரு மழை என்று 60, 65 நாள் ஆகிவிட்டால் அடித்தண்டு முற்றிவிடும். நறுக்கும் மிஷினில் போட்டு விரல் கணு அளவுக்கு வெட்டினாலும், மாடு மூக்கால் ஒதுக்கி இலையைத் தேடித் தின்றுவிட்டுத் தண்டுத் துண்டுகளைத் தொட்டியில் விட்டுவிடும். அவ்வளவும் குப்பைக்குழிக்குப் போகிறது. நாம் தண்ணீர் பாய்ச்சி, யூரியா போட்டு, கூலி கொடுத்து அறுத்த புல் அது.

தின்ற தண்டும் முழுதாகப் பயன்படுவதில்லை. புல்லின் செல் சுவரில் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் இருக்கின்றன. இரண்டும் சர்க்கரையால் ஆனவை. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைத்து அசிட்டிக் அமிலம் போன்றவற்றைச் செய்கின்றன. பாலில் வரும் கொழுப்பில் ஒரு நல்ல பங்கு அந்த அசிட்டிக் அமிலத்திலிருந்து வருவதுதான். லிக்னின் சர்க்கரை அல்ல. பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்தும், புல் இனங்களில் டைரோசினிலிருந்தும், பத்துப் பதினொரு நொதிகள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்கிற பொருள் அது. தண்ணீரைக் கடத்தும் குழாய் நசுங்காமலும், தண்டு நிமிர்ந்தும், பூஞ்சை எளிதில் நுழையாமலும் இருக்கச் செடிக்கு அது வேண்டும். காட்டில் மரத்தை மக்கவைக்கும் சில பூஞ்சைகள் லிக்னினை உடைக்கின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். பெருவயிற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் லிக்னின் அங்கே அப்படியே நிற்கிறது, தன்னோடு பிணைந்திருக்கும் செல்லுலோஸையும் நுண்ணுயிருக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறது. புல் இனங்களில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கம், ஏனென்றால் ஃபெருலிக் அமிலம் ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது.

லிக்னின் குறைந்தால் பால் கூடுமா என்பது புதுக் கேள்வி இல்லை. 1924-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மக்காச்சோளச் செடிகளில் சில, இலையின் நடுநரம்பு பழுப்பாகத் தோன்றின. யாரும் எதையும் செலுத்தவில்லை, தானாக வந்த மாற்றம். பிற்பாடுதான் தெரிந்தது, அவற்றில் லிக்னின் குறைவு என்று. அதன்பின் வேறு சில பழுப்பு நரம்பு மாற்றங்களும் கிடைத்தன. அதில் ஒன்று சி.ஓ.எம்.டி. என்ற நொதியின் மரபணு கெட்டுப்போனதால் வருகிறது, இன்னொன்று சி.ஏ.டி. என்ற நொதி குறைந்ததால். 1978-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் சோள விதையை ரசாயனத்தில் ஊறவைத்து இதே பழுப்பு நரம்பை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். கம்பிலும் அதே வழியில் கிடைத்தது.

மிச்சிகனில் ஓபா, ஆலன் என்ற இருவர் 1999-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தீவன நாரின் செரிமானம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால், மாடு நாளுக்கு 0.17 கிலோ உலர்தீவனம் (ஈரத்தைக் கழித்த எடை) கூடுதலாகத் தின்கிறது, 4 சதவீதக் கொழுப்புக்குச் சரிசெய்த பால் 0.25 கிலோ கூடுகிறது என்று. அவர்களுடைய மாடுகள் வேறு, நம்முடைய கலப்பின ஜெர்சி வேறு; அதே எண்ணை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் போக்கு அதுதான். நாங்கள் பத்து லிட்டர் மாட்டுக்கு அரை லிட்டர் ஏற்றுவதற்காக வாங்குகிற புண்ணாக்கின் விலையை நினைத்துப் பாருங்கள். தண்டிலேயே அந்தச் சத்து பூட்டிக்கிடக்கிறது.

இனி மரபணு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பணம் பெரும்பாலும் எரிபொருளின் பெயரால் வந்தது. ஓக்லஹோமா மாநிலம் ஆர்ட்மோரில் உள்ள நோபிள் நிறுவனத்தார் சுவிட்ச்கிராஸ் என்ற புல்வெளிப் புல்லில் சி.ஓ.எம்.டி. மரபணுவை அடக்கி, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எத்தனால் அதிகபட்சமாக 38 சதவீதம் கூடியது, சர்க்கரையைப் பிரிக்கத் தேவையான நொதியின் அளவு மூன்றில், நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தப் புல்லை டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்து வயலில் இரண்டு பருவம் வளர்த்துப் பார்த்தார்கள். பசுமைக்கூடத்தில் கண்டது வயலிலும் பெரும்பாலும் நிலைத்தது. துரு நோய் கூடவில்லை, விளைச்சலும் விழவில்லை. நல்ல செய்திதான்.

ஆனால் அதே ஆட்கள் வேறொரு வழியையும் பார்த்தார்கள். லிக்னின் பாதை முழுவதையும் அடக்கும் மிப்4 என்ற கட்டுப்பாட்டு மரபணுவைக் கூடுதலாக வேலை செய்யவைத்தார்கள். பசுமைக்கூடத்தில் இதன் முடிவு இன்னும் அற்புதம், எத்தனால் இரண்டரை மடங்குக்கு மேல். வயலுக்குப் போனதும் சில வரிசைகள் (ஒவ்வொன்றும் ஒரே மூலச் செடியிலிருந்து பெருக்கிய வழி) குட்டையாக நின்றன. ஒரு வரிசை குளிர்காலம் தாண்டித் துளிர்க்கவேயில்லை. ஒரே ஒரு நொதியில் கொஞ்சம் குறைப்பதற்கும் பாதையையே மறிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. நம் ஊரில் குளிர் கொல்லாது, சித்திரை வெயில் கொல்லும். நேப்பியர் நட்டால் வருடக்கணக்கில் மறுதாம்பில் நிற்கிற பயிர். கோடையில் தண்ணீர் குறையும் இரண்டு மாதத்துக்குப் பிறகு தூர் துளிர்க்கிறதா என்பதை ஒரு வருடச் சோதனை காட்டாது. லிக்னின் குறைந்த எந்த வரிசையையும் மூன்று கோடையாவது தாண்டவைத்துவிட்டு எங்களிடம் கொண்டுவாருங்கள்.

கரும்பில் நடந்தது கோவைக்காரர்களுக்குச் சொந்த விஷயம் மாதிரி. 1918-இல் இங்கிருந்து வந்த கோ 205, நல்ல கரும்போடு பேய்க்கரும்பு என்கிற காட்டு நாணலைச் சேர்த்துப் பிறந்தது. அந்தக் காட்டு ரத்தம் உலகத்துக் கரும்பையெல்லாம் காப்பாற்றியது, கூடவே அதன் மரபணுத் தொகுதியைப் பெரிய சிக்கலாகவும் ஆக்கிவிட்டது. புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆல்ட்பீட்டர் குழுவினர் கரும்பில் லிக்னினைக் குறைக்கப் புகுந்தபோது, சி.ஓ.எம்.டி. மரபணு ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளாக உட்கார்ந்திருந்தது. டேலன் என்ற திருத்தக் கருவியால் அத்தனையையும் ஏறக்குறைய முழுவதுமாக மாற்றிவிட்டதாக 2018-இல் எழுதினார்கள். லிக்னின் சுமார் 20 சதவீதம் குறைந்தது, சர்க்கரை பிரிவது 44 சதவீதம் வரை கூடியது, வயலில் விளைச்சல் விழவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எத்தனால் ஞாபகம் வரவில்லை. வெட்டுக்காலத்தில் வண்டி வண்டியாகக் கரும்புத் தோகை வாங்கி மாட்டுக்குப் போடுகிற எங்கள் பக்கத்து ஊர்களின் ஞாபகம்தான் வந்தது.

மாட்டை முன்னால் வைத்துச் செய்ததும் ஒன்று உண்டு. அது புல் இல்லை, குதிரைமசால் என்ற தீவனப்பயிர். லிக்னின் குறைத்த குதிரைமசாலுக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து விற்பனைக்கு வந்தது. அதை விற்பவர்கள் சொல்லும் முக்கியமான அனுகூலம், அறுப்பை ஏழு முதல் பத்து நாள் தள்ளிப்போடலாம் என்பது. தரம் விழாமல் ஒரு வாரம் கூடுதல். மேலே நான் சொன்ன கல்யாணமும் மழையும் அந்த ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். இந்த ஒரு வாரம்தான் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு வேண்டியது. பெரிய பண்ணைக்காரர் நாள் குறித்து ஆள் விட்டு அறுத்துவிடுவார்.

இதற்கு ஒரு பதில் உங்கள் பக்கத்திலிருந்து எப்போதும் வரும்: “45 நாளில் அறுக்கச் சொல்லித்தானே பரிந்துரை? அதைச் செய்யாமல் செடியைக் குறை சொல்லலாமா?” பரிந்துரை சரி. ஆனால் பரிந்துரையைத் துல்லியமாகக் கடைப்பிடிக்கும் வீட்டுக்கு மட்டும் பயன்படும் ரகத்தை நல்ல ரகம் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

சரி, நம்மிடம் என்ன செய்யலாம்? இதில் சோளத்தையும் நேப்பியரையும் ஒரே கூடையில் போடக்கூடாது என்பது என் வாதம்.

தீவனச் சோளத்துக்கு மரபணுத் திருத்தமே வேண்டாம் என்பேன். தத்துவம் ஒன்றும் இல்லை, தேவையில்லை என்பதால்தான். பழுப்பு நரம்பு மரபணு ஐம்பது வருடமாகக் கையில் இருக்கிறது. சோளம் இரட்டைத் தொகுதிப் பயிர் (குரோமோசோம் தொகுதி இரண்டுதான்), விதையில் வருவது, சாதாரண ஒட்டு வேலையிலேயே அந்தப் பண்பைக் கொண்டுவரலாம். ஐதராபாத் நிறுவனம் சி.எஸ்.வி. 43 பி.எம்.ஆர். (பி.எம்.ஆர். என்றால் பழுப்பு நரம்பு) என்ற ரகத்தை அப்படித்தான் வெளியிட்டது. அதன் பெயரை எங்கள் பக்கம் எந்த விதைக்கடையிலும் நான் கேட்டதில்லை. கோ எஃப்.எஸ். 29, கோ எஃப்.எஸ். 31 என்று மறுதாம்புச் சோளத்தில் கோவை கொடுத்தவை நன்றாகப் பரவியிருக்கின்றன. அவற்றுக்குள் இந்தப் பண்பை ஏற்றிக் கொடுங்கள். பழுப்பு நரம்பு மரபணுக்களில் பி.எம்.ஆர். 6, பி.எம்.ஆர். 12 இரண்டில் எதை எடுப்பது என்பதற்கும் உலக அனுபவம் இருக்கிறது. பொதுவாக 12-இல் விளைச்சல் இழப்பு குறைவு. லிக்னின் குறைந்தால் நோய் பிடிக்கும் என்ற பயமும் முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் சோளத்தின் பழுப்பு நரம்பு வரிசைகளில் ஃபியூசேரியம் பூஞ்சை கூடுதலாகப் பிடிக்கவில்லை, சில சோதனைகளில் குறைவாகவே இருந்தது. பாதை மறிக்கப்பட்டதால் தேங்கும் சில பொருள்கள் பூஞ்சைக்கு ஆகாமல் போவதுதான் காரணம் என்கிறார்கள். குருத்து ஈயும் தண்டுத் துளைப்பானும் நம் ஊர்ப் பிரச்சினை, அதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

நேப்பியர் கதை வேறு. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, இரண்டும் சேர்ந்த ஒட்டுப்புல்லுக்கு 21. மூன்று தொகுதி இருப்பதால் அது மலடு. விதை கட்டாது. தண்டுத் துண்டான கரணையை வைத்துத்தான் பெருக்குகிறோம். கம்பில் பழுப்பு நரம்பு கிடைத்திருக்கிறதே, அதைத் தாயாக வைத்து ஒட்டுக்கட்டினால் என்ன என்று முதலில் நானும் நினைத்தேன். ஆகாது. அது ஒடுங்கு பண்பு. நேப்பியர் பக்கமிருந்து வரும் இரண்டு நல்ல பிரதிகள் அதை மறைத்துவிடும். மூன்று தொகுதியிலும் ஒரே நேரத்தில் மரபணு கெட வேண்டும். பழைய ஒட்டு முறையில் அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இங்கேதான் திருத்தக் கருவிக்கு உண்மையான வேலை இருக்கிறது. நூறு பிரதி கரும்பில் முடிந்தது, மூன்று பிரதி புல்லில் முடியாதா?

மலடாக இருப்பதில் ஒரு லாபமும் ஒரு சங்கடமும் உண்டு. லாபம், மகரந்தம் வழியாக அந்த மாற்றம் எங்கும் தப்பிப் போகாது. குதிரைமசாலில் அமெரிக்காவில் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்: களைக்கொல்லி தாங்கும் ரகத்தின் மரபணு சாலையோரத்துக் காட்டுக் குதிரைமசாலில் போய் உட்கார்ந்துவிட்டது, 2013-இல் வாஷிங்டன் மாநிலத்து விவசாயி ஒருவரின் வைக்கோலில் அது தென்பட்டதால் ஏற்றுமதிக்கு எடுக்க மறுத்துவிட்டார்கள். ஒட்டுப்புல்லில் அந்தத் தலைவலி மிகக் குறைவு. சங்கடம் என்னவென்றால், திருத்தம் முடிந்ததும் கருவிக்காக உள்ளே வைத்த வெளி மரபணுவை வெளியேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் 2022 விலக்கு பொருந்தாது. விதைப் பயிரில் ஒரு தலைமுறை தன்மகரந்தத்தில் விட்டு, அது இல்லாத செடியைப் பொறுக்கிவிடலாம். விதையே கட்டாத பயிரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எனவே கம்பையும் நேப்பியரையும் தனித்தனியே திருத்தி, சுத்தம் செய்து, பிறகு ஒட்டுக்கட்ட வேண்டும். அல்லது வெளி மரபணு எதையும் வைக்காமல் புரதமாகவே கருவியைச் செலுத்தும் முறையைப் பயன்படுத்தி, அந்தத் திசுவிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும். இரண்டும் நேரம் பிடிக்கும் வேலை. அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

ஆனால் தொடங்கும் முன் அந்த அளவுகோல். ஒரு தீவன ரகத்தைப் பற்றி எங்கள் கைக்கு வரும் துண்டறிக்கையில் முதல் வரியில் இருப்பது ஹெக்டேருக்கு எத்தனை டன் பசும்புல் என்பது. அப்புறம் கச்சாப் புரதம். அப்புறம் எத்தனை தூர், இலை எவ்வளவு அகலம். செரிமானம் எவ்வளவு என்பது எங்காவது கடைசியில் இருக்கும், பல சமயம் இருக்காது. உங்கள் கூட்டுச் சோதனைகளில் என்.டி.எஃப்., ஏ.டி.எஃப். என்ற நார் அளவுகள் எல்லாம் அளக்கப்படுவது எனக்குத் தெரியும். ஆனால் ரகத்தைத் தூக்கிவிடுவதும் கீழே தள்ளுவதும் டன்தான். டன்னைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் உயரமான, தடித்த தண்டுள்ள செடிதான் ஜெயிக்கும். உயரமாக நிற்க லிக்னின் வேண்டும். ஆக, நீங்கள் வருடாவருடம் தெரியாமலே லிக்னினைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே குழுவின் முன்னால் லிக்னின் குறைந்த செடியைக் கொண்டுவந்து வைத்தால், பத்து சதவீதம் விளைச்சல் குறைவு என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு ரகம் 400 டன் பசும்புல். ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்றால் 80 டன். அதில் 55 சதவீதம் செரித்தால் மாட்டுக்குக் கிடைப்பது 44 டன். இன்னொரு ரகம் பத்து சதவீதம் குறைவாக 360 டன்தான் தருகிறது. உலர்பொருள் 72 டன், ஆனால் 65 சதவீதம் செரிக்கிறது, கிடைப்பது கிட்டத்தட்ட 47 டன். தோற்ற ரகம்தான் உண்மையில் ஜெயித்தது. அதோடு 40 டன் புல்லை அறுத்து, சுமந்து, நறுக்குகிற கூலியும் மிச்சம். தொட்டியில் ஒதுக்கிவிடும் தண்டை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. மாட்டின் வயிற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 400 கிலோ மாடு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உலர்தீவனத்துக்கு மேல் தின்னாது. செரிக்காத நார் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்வரை, வயலில் எத்தனை டன் நின்றாலும் அந்த மாட்டுக்குப் பயனில்லை.

ஆகவே ஹெக்டேருக்கு எத்தனை டன் செரிக்கும் உலர்பொருள் என்பதை முதல் வரியில் போடுங்கள். 45-ஆவது நாளில் ஒன்று, 60-ஆவது நாளில் ஒன்று என்று இரண்டு எண். அந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இதற்குப் புதுக் கட்டடம் ஒன்றும் வேண்டாம். நைலான் பையில் தீவனத்தைப் போட்டு மாட்டின் பெருவயிற்றில் வைத்து எடுக்கும் சோதனை பழையது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் நன்றாகவே இயங்குகிறது. வேளாண் பல்கலைக்கழகமும் கால்நடைப் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். அதுதான் கஷ்டம் என்று உங்களில் சிலர் சிரிப்பது தெரிகிறது.

சோதிக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். நேப்பியரில் ஆக்சலேட் அதிகம், அது மாட்டின் உடலில் கால்சியத்தைக் கட்டிப்போடும். புல் மென்மையானால் மாடு கூடுதலாகத் தின்னும். கூடுதலாகத் தின்றால் ஆக்சலேட்டும் கூடுதலாகப் போகும். ஒரு கிலோவில் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் ஒரு நாளில் எவ்வளவு என்று பாருங்கள். சோளத்தில் இளம்பயிரில் வரும் விஷம் எல்லோருக்கும் தெரிந்தது; வாடிய குருத்தை மேய்ந்து வயிறு உப்பி விழுந்த மாடு இல்லாத ஊர் இல்லை. அந்த சயனைடு வெளிவரும் டூரின் என்ற பொருளைச் செடி செய்வதும் டைரோசினிலிருந்துதான். லிக்னினுக்குப் போக வேண்டிய டைரோசின் வழி மாறி அங்கே போகிறதா என்பதை ஒவ்வொரு வரிசையிலும் 20, 30, 40-ஆவது நாளில் அளந்து, வெளியீட்டு அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக எரிபொருள். 2018 அக்டோபரில் அழுத்திய உயிரிவாயுத் திட்டம் வந்த பிறகு நேப்பியரை ஆலைக்காக நடச் சொல்லி ஆட்கள் ஊர் ஊராக வருகிறார்கள். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். வாயு ஆலையின் செரிகலன் என்பது இரும்பில் செய்த மாட்டு வயிறு. ஆக்சிஜன் இல்லாத இடம், அதே வகை நுண்ணுயிர், அதே லிக்னின் தடை. எனவே லிக்னின் குறைந்த நேப்பியர் வந்தால் மாட்டை விட முதலில் வரிசையில் நிற்கப்போவது ஆலைதான். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் சாகுபடி நிலத்தில் தீவனத்துக்கு ஒதுங்கியிருப்பது ஏறத்தாழ 4 சதவீதம்தான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த 4 சதவீதத்தில் ஆலையும் கைவைத்தால் மாடு எங்கே போகும்?

எரிபொருளை நம்பி ஒரு பண்பை வளர்ப்பதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. அயோவாவில் டூபாண்ட் நிறுவனம் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க 2015-இல் பெரிய ஆலை திறந்தது. இரண்டே வருடத்தில் விற்றுவிடுவதாக அறிவித்தது. கான்சாஸில் அபெங்கோவா கட்டிய ஆலையும் திவாலில் முடிந்தது. எண்ணெய் விலை இறங்கினால் ஆலை மூடும். பால் சொசைட்டி அப்படி ஒரு நாள் காலையில் மூடிவிடாது. வரிப்பணத்தில் உருவாகும் ரகம் முதலில் தீவன ரகமாக வெளியாகட்டும், தீவனச் சோதனையில் தேறட்டும். ஆலைக்காரர் பிறகு தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். கரணையை விவசாயி விவசாயிக்குக் கொடுப்பதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே வரக்கூடாது. கோ-4 பரவியது கரணை கைமாறித்தான், விளம்பரத்தால் அல்ல. திருத்தக் கருவிகளின் மேல் வெளிநாட்டுக் காப்புரிமைகள் இருக்கின்றன. அந்த உரிமத்தை வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், ரகம் கையில் வந்த பிறகு அல்ல.

மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே எதிர்க்கும் நண்பர்கள் என் ஊரிலும் உண்டு. 2010-இல் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தபோது கை தட்டியவர்களில் நானும் ஒருவன், இன்றும் அதில் வருத்தமில்லை. அது மனிதர் தின்னும் காய், வெளிப் பாக்டீரியாவின் மரபணு, மகரந்தம் அயல் செடிக்கும் போகக்கூடிய பயிர். இது செடியின் சொந்த மரபணுவில் ஒன்றை மந்தமாக்குவது, மலட்டுப் புல்லில். இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் தரவுகளை ஒளிக்காமல் வெளியிட்டால் எனக்கு அந்தப் பேச்சு எளிதாக இருக்கும்.

திருத்தப்பட்ட புல் வரப் பல வருடம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. கோ-4, கோ-5, இப்போது எல்லோரும் சூப்பர் நேப்பியர் என்று விற்கும் தாய்லாந்து ரகம், கோ எஃப்.எஸ். 29, கோ எஃப்.எஸ். 31, சி.எஸ்.வி. 43 பி.எம்.ஆர். ஆகிய ஆறையும் ஒரே வயலில் ஒரே நாளில் நட்டு, 45-ஆவது நாளிலும் 60-ஆவது நாளிலும் அறுத்து, ஒவ்வொன்றின் செரிமானத்தையும் ஒரு பக்க அட்டவணையாகத் தமிழில் வெளியிடுங்கள். வரும் ஆடிப்பட்டத்தில் நட்டால் தை மாதத்துக்குள் அட்டவணை கையில் இருக்கும். ஒரு வாரத்தில் அது எல்லாப் பால் சொசைட்டியின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கும், அந்த வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் ஒரு விவசாயி,
தாராபுரம் வட்டம்